காற்றடிக்கும் பக்கம் நிற்காதே

வட துருவத்திலிருந்து ஏறக்குறைய 1,230 கிலோமீட்டர் தெற்கே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நி-ஓலசுண்ட் என்று ஒரு குட்டி ஊர். கப்பலோ சிறு விமானமோ அதை நெருங்கும்போதே பயணிகளுக்கு ஓர் அறிவிப்பு வரும்: கைபேசியில் வைஃபையை அணையுங்கள், புளூடூத்தை அணையுங்கள். ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு ரேடியோ மௌனம். காரணம், ஊருக்கு வெளியே வானத்தைப் பார்த்து நிற்கும் பெரிய ஆன்டெனாக்கள். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் குவேசார்கள் (அதிபிரகாசமான விண்மீன் மண்டலக் கருக்கள்) அனுப்பும் ரேடியோ அலைகளைக் கேட்டு, அவற்றைக் கொண்டு பூமியின் சுழற்சியையும் கண்டத்தட்டுகளின் நகர்வையும் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது அவற்றின் வேலை. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலைக்குப் பக்கத்தில், ஒருவர் காதில் மாட்டியிருக்கும் புளூடூத் கருவி பெரும் கூச்சல்.

வளிமண்டல ஆராய்ச்சி பழக வரும் இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பு கிடைக்காது. குளிர், இருட்டு, கரடி என்று எதையெதையோ எண்ணிக்கொண்டு வருவார். அங்கே அவர் முதலில் தெரிந்துகொள்வது, தானே ஓர் இடைஞ்சல் என்பதை. அவருடைய வண்டிப் புகை, மூச்சு, அறையிலிருந்து எடுத்துவந்த கதகதப்பு எல்லாமே அளவீட்டில் போய் விழும். ஆர்க்டிக் பயிற்சியில் பாதி, தன் சுவடு தரவில் விழாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை. மீதிப் பாதி, விழுந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்கும் வித்தை.

கரடியை முதலில் முடித்துவிடுவோம். ஸ்வால்பார்டின் தலைநகரான லாங்யர்பியனில் 1993 முதல் ஒரு பல்கலைக்கழக மையம் இயங்குகிறது. அங்கே சேரும் மாணவர்கள் புத்தகத்தைத் தொடுமுன் ரைபிளைத் தொடுகிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டும் எவரும் பனிக்கரடியை விரட்டும் சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். குறிபார்த்துச் சுடுவது, வெடிச்சத்தம் எழுப்பி விரட்டுவது, பனியாற்றுப் பிளவில் விழுந்தவரைக் கயிறு கட்டி மேலே இழுப்பது, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடுவது, மிதவை உடையோடு உறைகடலில் இறங்கி மிதப்பது எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. வெளியில் வேலை நடக்கும்போது ஒருவருக்குக் கரடிக் காவல் விழும். அவர் கருவியின் பக்கம் திரும்பவே கூடாது; அடிவானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நி-ஓலசுண்டில் கட்டடங்களின் கதவைப் பூட்டும் வழக்கம் இல்லை. ஓடி வருபவருக்கு எந்தக் கதவும் திறக்க வேண்டும்.

இனி காற்றுக்கு வருவோம். ஒரு பகடைக்காய் அளவு இடத்தில், அதாவது ஒரு கன சென்டிமீட்டரில், நகரத்துச் சாலையோரக் காற்றில் பல்லாயிரம் நுண்துகள்கள் மிதக்கும். இவற்றை ஏரோசால் என்கிறார்கள்: புகைக்கரி, கடலுப்பு, கந்தகச் சேர்மங்கள், மண்தூசி எல்லாம் சேர்ந்த கூட்டம். ஆர்க்டிக்கின் சுத்தமான நாட்களில் அதே இடத்தில் நூற்றுக்கும் குறைவு. சில நேரங்களில் பத்துகூடத் தேறாது. அங்கே ஒரு பனிவண்டி உறுமிக்கொண்டு கடந்து போனால் எண்ணிக்கை பல மடங்கு எகிறும். மாணவர் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துத் துள்ளிக் குதித்துவிடக் கூடாது.

எண்ணுவது எப்படி? இந்தத் துகள்களில் பல, சில நானோமீட்டர் அளவே உள்ளவை. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால் எந்த லேசருக்கும் தட்டுப்படாது. அதற்கு ஓர் அழகான தந்திரம் செய்கிறார்கள். காற்றை பியூட்டனால் என்ற ஆல்கஹாலின் ஆவி நிறைந்த வெதுவெதுப்பான குழாய்க்குள் இழுத்து, உடனே குளிர்விக்கிறார்கள். ஆவி ஒவ்வொரு துகளின் மேலும் படிந்து திரண்டு, நொடிக்கும் குறைவான நேரத்தில் அதைப் பல மைக்ரோமீட்டர் பருமனுள்ள துளியாக வளர்த்துவிடுகிறது. அந்தத் துளிகள் வரிசையாக லேசர் கற்றையைக் கடக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு மின்னல். மின்னல்களை எண்ணினால் துகள்களை எண்ணியதாகிவிடும். வானத்தில் மேகம் உருவாகும் அதே முறையை ஒரு பெட்டிக்குள் நடத்திக் காட்டும் கருவி இது.

கரியமில வாயுவை அளக்கும் கருவிக்கு இன்னொரு தொல்லை. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கைத் தாண்டியிருக்கிறது. நாம் வெளியே விடும் மூச்சிலோ சுமார் 40,000 பங்கு. காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் நின்று ஒருவர் பெருமூச்சு விட்டால் போதும், கருவி அதையும் குறித்துக்கொள்ளும். ஆகவே நிலையத்துக்கு வருபவர் முதலில் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும்; காற்றடிக்கும் பக்கம் நிற்கக் கூடாது. குழாயைத் தொட்டால், கதவைத் திறந்தால், வண்டி வந்தால், நேரத்தோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்தக் குறிப்பேடு சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் ஒரு விசித்திரமான உச்சத்தைப் பார்த்துக் குழம்பும்போது, அன்று மதியம் ஏணி வைத்து உறைபனியைச் சுரண்டினோம் என்ற ஒற்றை வரிதான் அவரைக் காப்பாற்றும்.

நி-ஓலசுண்டுக்கு மேலே, 474 மீட்டர் உயரத்தில், செப்பலின் மலைமேல் ஒரு வளிமண்டல நிலையம் நிற்கிறது. ஆகாயக் கப்பல்களை இங்கே ஓட்ட முடியுமா என்று பார்க்க 1910இல் வந்துபோன ஜெர்மானியப் பிரபு செப்பலினின் பெயர்தான் மலைக்கும். அங்கே போக ரோப் கார். ஊரில் டீசல் மின்நிலையம் இருக்கிறது, சமையல் உண்டு, வண்டிகள் உண்டு. அவற்றின் புகை மேலே போய் நிலையத்தைத் தொட வேண்டாமா? பெரும்பாலும் தொடுவதில்லை. ஏன் என்பதில்தான் ஆர்க்டிக்கின் ஒரு பெரிய ரகசியம் ஒளிந்திருக்கிறது.

உயரம் போகப்போகக் குளிரும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. துருவக் குளிர்காலத்தில் அது புரண்டுவிடுகிறது. நி-ஓலசுண்டில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. பனித்தரை தன் வெப்பத்தை இரவும் பகலும் விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கும். அதனால் தரையை ஒட்டிய காற்றுதான் மிகக் குளிர்ச்சியாகவும், சில நூறு மீட்டர் மேலே உள்ள காற்று கதகதப்பாகவும் இருக்கும். இதற்கு வெப்பத் தலைகீழ் நிலை என்று பெயர். குளிர்ந்த காற்று கனமானது, எழும்பாது. மேலே உள்ள கதகதப்பான காற்று மூடிபோல் நிற்க, ஊர்ப்புகை அதற்குள்ளேயே சிக்கி, மலையடியில் பட்டையாகப் படர்ந்து கிடக்கும்.

இந்த மூடியின் விளைவு புகையோடு நிற்பதில்லை. வெப்பமண்டலத்தில் கூடுதல் சூடு வந்தால், கொதித்தெழும் இடிமேகங்கள் அதைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை கொண்டுபோய்ப் பகிர்ந்துவிடும். ஆர்க்டிக்கில் அந்தச் சூடு தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கிலேயே தங்கிவிடுகிறது. 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. வெண்பனி உருகி, கரிய கடற்பரப்பு வெயிலைக் குடிக்கிறது என்ற காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்குக் குறையாத பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்த மூடிக்கும் உண்டு.

மூடி எத்தனை தடிப்பு, இன்று இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பலூன். ஊரில் ஜெர்மனியும் பிரான்ஸும் சேர்ந்து நடத்தும் நிலையத்தில் நாள்தோறும் ஒன்று ஏறுகிறது. அதில் தொங்கும் ரேடியோசோண்டு (வானில் அளந்து ரேடியோ வழியே சேதி அனுப்பும் கருவி) நூறு கிராம் எடைதான் இருக்கும். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் வேகம், திசை அனைத்தையும் நொடிக்கொருமுறை சொல்லிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 300 மீட்டர் ஏற்றம்; ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் 30 கிலோமீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு. ஆளுயரத்தில் கிளம்பிய பலூன் ஊதி ஊதி ஒரு சின்ன வீட்டையே நிரப்பும் அளவாகி, தோல் தாளாமல் வெடிக்கும்.

பறக்கவிடும் வேலை பார்க்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும். இயற்கை ரப்பரால் ஆன பலூனை நகம் படாமல் கையாள வேண்டும். ஹீலியம் குறைந்தால் ஏறாது; கூடினால் சீக்கிரம் வெடித்துவிடும். நடுக்குளிர்காலத்தில் மேலே −80 டிகிரி. ரப்பர் விறைத்துப் பாதி உயரத்திலேயே நொறுங்கும். சில துருவ நிலையங்களில் அதற்காகப் பலூனைச் சூடாக்கி எண்ணெயில் முக்கி எடுக்கிறார்கள். காற்று பலமாக வீசும் நாளில் கருவியைப் பிடித்திருப்பவர் காற்று போகும் திசையிலேயே ஓட வேண்டும். பலூன் தலைக்கு நேர்மேலே வரும் கணத்தில் கையை விட வேண்டும். இல்லாவிட்டால் கருவி பனியில் மோதிச் சிதறும். இன்னொன்றும் உண்டு. கதகதப்பான அறையிலிருந்து எடுத்த கருவியை உடனே விட்டால் முதல் நூறு மீட்டருக்கு அது அறையின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கும். தலைகீழ் அடுக்கு இருப்பதோ அதே இடத்தில். கருவி வெளிக்குளிருக்குப் பழகும்வரை, விரல்கள் மரத்துப்போனாலும், காத்திருக்க வேண்டும்.

இப்படி இளைஞர்களைத் துருவக் காற்றோடு பழகவிடுவது புதிதல்ல. 1911இல் ஜெர்மானியர்கள் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துப் பலூன்களையும் பட்டங்களையும் ஏற்றினார்கள். அதை ஓராண்டு நடத்தியவர் கர்ட் வேகனர். கண்டப்பெயர்ச்சிக் கொள்கையால் நாம் அறிந்த ஆல்ஃபிரட் வேகனர் அவருடைய தம்பி. அவரும் தொழிலால் வானிலையாளரே. 1906இல் அண்ணனும் தம்பியும் பலூனில் 52 மணி நேரத்துக்கு மேல் பறந்து அன்றைய உலக சாதனையை முறியடித்தார்கள். ஆல்ஃபிரட் 1930இல் கிரீன்லாந்துப் பனிப்பீடத்தின் நடுவே ஒரு நிலையம் அமைத்தார். கரையிலிருந்து 400 கிலோமீட்டர். உணவு கொண்டுசேர்க்கும் பயணமாக அங்கே போய்விட்டு, தன் ஐம்பதாவது பிறந்தநாளான நவம்பர் 1 அன்று, ராஸ்மஸ் வில்லும்சன் என்ற இளம் கிரீன்லாந்துக்காரரோடு திரும்பினார். இருவருமே கரை சேரவில்லை. வில்லும்சனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. நிலையத்தில் பனியைக் குடைந்த குகையில் தங்கிய மூவரோ அந்தக் குளிர்காலம் முழுக்க அளவீடுகளை எடுத்தபடி இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு விறைத்துப்போன கால்விரல்களைப் பேனாக்கத்தியால் வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. இன்றைய பாதுகாப்புப் பயிற்சியின் கெடுபிடிகளைப் பார்த்து முணுமுணுக்கும் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது நல்லது.

வாரம் ஒருமுறை பலூனோடு ஓர் ஓசோன்சோண்டும் போகும். அதற்குள் ஒரு குட்டி வேதியியல் கூடமே இருக்கிறது: இரண்டு சிறு கிண்ணங்கள், ஒன்றில் வெறும் 3 மில்லி பொட்டாசியம் அயோடைடு கரைசல், பக்கத்தில் ஒரு நுண்பம்பு. பம்பு வெளிக்காற்றைக் குமிழிகளாகக் கரைசலுக்குள் விடும். காற்றிலுள்ள ஒவ்வொரு ஓசோன் மூலக்கூறும் அயோடைடை அயோடினாக்கும். அதன் பயனாக இரண்டு எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடும். அந்த நுண்ணிய மின்னோட்டமே ஓசோனின் அளவு. பல நாட்களுக்கு முன்பே கிண்ணத்தைக் கழுவி, பம்பின் வேகத்தை அளந்து, கரைசலை ஊறவிட்டுத் தயார்செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

தரைமட்ட ஓசோனை அளக்கும் கருவியோ வேறொரு விதத்தில் புத்தியைச் சோதிக்கும். சாதாரணமாக நூறு கோடிப் பங்கில் 30, 40 என்று காட்டிக்கொண்டிருக்கும். வசந்தத்தில் சூரியன் திரும்பி வந்ததும், ஒருநாள் சில மணி நேரத்துக்குள் சுழியத்தை ஒட்டி வந்துவிடும். புதியவர் உடனே குழாயைத் திருகுவார், மின்கம்பியைப் பார்ப்பார். கருவியில் ஒரு கோளாறும் இருக்காது. ஓசோன் உண்மையாகவே தீர்ந்துபோயிருக்கும். 1980களில் கனடாவின் அலர்ட்டிலும் அலாஸ்காவின் பேரோவிலும் இதைக் கண்டவர்கள் திகைத்துத்தான் போனார்கள். கடல்பனியின் மேல் படிந்த உப்பிலிருந்து, வெயில் பட்டதும் புரோமின் அணுக்கள் கிளம்புகின்றன. ஒவ்வோர் அணுவும் ஓசோனை அழித்துவிட்டு மீண்டும் விடுபடுகிறது. அந்தச் சுற்றுக்குள் உப்பிலிருந்து இன்னும் புரோமினை வெளியே இழுக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுவதால் இதற்குப் புரோமின் வெடிப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே நாட்களில் காற்றிலிருக்கும் பாதரச ஆவியும் வினைபட்டுப் பனியில் இறங்கிவிடுகிறது.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சுழியம் பொய்யா மெய்யா என்று எப்படித் தீர்மானிப்பது? ஓசோன் அறவே இல்லாத காற்றைச் செலுத்திப் பார்க்கலாம், தெரிந்த அளவு ஓசோனை உற்பத்திசெய்து ஊட்டிப் பார்க்கலாம், பக்கத்து நிலையத்தின் எண்ணைக் கேட்கலாம், குறிப்பேட்டைப் புரட்டலாம். கருவியைச் சந்தேகிக்கத் தெரியாதவர் ஏமாந்துபோவார். கருவியை மட்டுமே சந்தேகிப்பவர் கண்டுபிடிப்பைக் கோட்டைவிடுவார்.

சுத்தமான காற்று என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். ஆர்க்டிக் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை. 1950களில் அலாஸ்கா பக்கம் பறந்த அமெரிக்க விமானிகள் வசந்தகாலத்தில் அடிவானம் பழுப்பேறி மங்குவதைக் கவனித்தார்கள். எங்கிருந்து வந்தது அது? 1970களின் கடைசியில் கென்னத் ரான் போன்றோர் வடிதாளில் பிடித்த தூசியில் மாங்கனீசும் வனேடியமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தார்கள். எண்ணெய் எரித்தால் வனேடியம் கூடும். உருக்காலைகளும் நிலக்கரியும் வேறு விகிதம் தரும். அந்தக் கைரேகை ஐரோப்பா, சோவியத் நாடுகளின் தொழிற்சாலைகள் பக்கம் காட்டியது. குளிர்காலத்தில் கழுவிவிட மழை கிடையாது. வறண்ட, அசையாத காற்றில் புகை வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது.

2006 வசந்தத்தில் செப்பலின் மலை அதுவரை காணாத மாசைப் பதிவுசெய்தது. நி-ஓலசுண்டிலிருந்து மலைகள் மங்கித் தெரிந்தன. பனியே நிறம் மாறியது. காற்று கடந்த சில நாட்களில் எந்தெந்த வழியாக வந்திருக்கும் என்று கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் அறுவடைக்குப் பின் மிஞ்சிய தாளை வயலிலேயே கொளுத்திய புகை அது. இந்தப் பின்னோக்கிக் கணக்கை இன்று எந்த மாணவரும் மடிக்கணினியில் போடப் பழகிக்கொள்கிறார்.

2019 செப்டம்பரில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியக் கப்பல் டிரோம்சோவிலிருந்து கிளம்பி, வேண்டுமென்றே கடல்பனியில் சிக்கிக்கொண்டு, 2020 செப்டம்பர் வரை பனியோடு மிதந்து ஆராய்ந்தது. மோசாயிக் என்பது அந்தப் பயணத்தின் பெயர். துணைக்குப் போன ரஷ்யக் கப்பல் அகாதமிக் ஃபெடரோவில் 20 இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு பள்ளியே நடந்தது. காலையில் பாடம், பிறகு ஹெலிகாப்டரில் பனித்திட்டுகளுக்குப் போய்த் தானியங்கிக் கருவிகளை நிறுவும் வேலை. போலார்ஸ்டெர்னிலோ பழைய தலைவலி புது உருவில் வந்தது. ஆராய வந்த கப்பலின் புகைபோக்கிதான் சுற்றுவட்டாரத்தில் இருந்த மிகப் பெரிய மாசு. கப்பல் புகை பட்ட நிமிடங்களைத் தரவிலிருந்து தானாகக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்கென்றே தனியாக ஒரு கணிப்பு முறையை எழுதினார்கள்.

இந்தியாவும் நி-ஓலசுண்டில் இருக்கிறது. 2008 ஜூலையில் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசியத் துருவ ஆய்வு மையம் அதை நடத்துகிறது. 2014இல் ஊருக்கு எதிரே உள்ள காங்ஸ்ஃபியோர்டு கடற்கழியில் இறக்கப்பட்ட இண்டார்க் என்ற நீரடிக் கருவித்தொகுப்பை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2023 டிசம்பர் வரை நம்மவர்கள் கோடையில்தான் போய்வந்தார்கள். அந்த மாதம் முதன்முறையாகக் குளிர்காலக் குழு ஒன்று புறப்பட்டது. இது வெறும் துணிச்சல் காட்டும் விஷயமில்லை. மேகங்களின் விசித்திரமான வேலை குளிர்காலத்தில்தான் துலக்கமாகத் தெரியும்.

துருவ இரவில் வெயிலே இல்லாதபோது மேகத்துக்கு நிழல் தரும் வேலை கிடையாது. போர்த்தும் வேலை மட்டும்தான். வானம் தெளிந்திருந்தால் தரை ஒவ்வொரு சதுரமீட்டரிலும் சுமார் 40 வாட் வெப்பத்தை இழக்கும். நீர்த்துளிகள் கொண்ட தாழ்மேகம் மூடினால் இழப்பு ஏறக்குறைய நின்றுவிடும். −20 டிகிரியில் நீர்த்துளியா என்று கேட்கலாம். தூய நுண்துளி −38 டிகிரி வரைகூட உறையாமல் இருக்கும். உறைவதற்கு அதற்கு ஒரு விதை வேண்டும். அந்த விதையாகும் தகுதி பத்து லட்சம் துகள்களில் ஒன்றிரண்டுக்கே உண்டு. விதைகள் கூடினால் துளிகளின் ஈரத்தைப் பனிப்படிகங்கள் உறிஞ்சிக் கனத்து விழும், மேகம் மெலியும். இருந்தாலும் துளியும் படிகமும் கலந்த ஆர்க்டிக் மேகங்கள் நாள்கணக்கில் நீடிக்கின்றன. அது எப்படி என்பதற்கும், விதைகளைவிடப் படிகங்கள் பல மடங்கு அதிகமாக இருப்பது ஏன் என்பதற்கும் இன்னும் முழு விடை இல்லை. இன்றைய முனைவர் பட்ட மாணவர்களின் வேலை அதில்தான்.

விதையை எண்ணும் முறை கண்ணால் பார்க்கக்கூடியது. மலைமேல் வடிதாளில் பிடித்த தூசியைத் தூய நீரில் கழுவுவார்கள். அந்த நீரைச் சிறு சிறு துளிகளாகத் தட்டில் வரிசையாக வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று குளிர்விப்பார்கள். மேலே ஒரு கேமரா. தெளிந்த துளி ஒன்று சட்டென்று வெளுக்கும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. எந்த டிகிரியில் எத்தனை வெளுத்தன என்பதிலிருந்து விதைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். நி-ஓலசுண்டுக்குப் பக்கத்துப் பனியாறு அரைத்து வெளியே தள்ளிய வண்டல் தூசி இந்தச் சோதனையில் எதிர்பாராத அளவு வீரியம் காட்டியது. அதில் சிறிதளவு கலந்திருக்கும் உயிர்மப் பொருளே அதற்குக் காரணம் என்று 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். பனியாறுகள் பின்வாங்கப் பின்வாங்க இந்த வண்டல் மேலும் வெளிப்படுகிறது.

பக்கத்தில் எப்போதும் இன்னொரு தட்டு இருக்கும். அதிலுள்ள வடிதாளையும் மாணவர் ரோப் காரில் மலைக்கு எடுத்துப்போயிருப்பார். பெட்டியைத் திறந்து, காற்றை இழுக்காமலே மூடி, திரும்பக் கொண்டுவந்திருப்பார். அந்தத் தட்டில் எத்தனை துளி உறைகிறதோ, அத்தனையும் அவருடைய கையுறையும் பெட்டியும் கழுவிய நீரும் கொடுத்த விதை. விடையிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும்.